சிவப்பு நூல் கட்டிய பை

சைரன் அலறுகிறது. ஈரத் துவாயோடு நிலத்தில் குப்புற விழுகிறேன். காதைப் பொத்தியபடி கத்துகிறேன்.

"விழுந்து படுங்கோ! எல்லாரும் விழுந்து படுங்கோ!"

ஒருவரும் படுக்கவில்லை. அது துபாய்ப் பக்கத்துப் பாலைவனம். கனடாப் படை தங்கும் முகாம். அங்கே உடுப்புத் தோய்ப்பது என் வேலை. அடித்தது வெறும் ஒத்திகைச் சைரன். மைக் என்ற செம்பட்டைத் தலைப் பெடியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்.

இஸ்திரி மேசைக்குக் கீழே இன்னொரு சிப்பாய் மட்டும் படுத்திருக்கிறான். தொப்பியைப் பல்லால் கடித்தபடி. கடித்தால் காதுச் சவ்வு கிழியாது. யாழ்ப்பாணத்தில் ஷெல்லடி கண்ட சனத்தின் பழக்கம் அது.

"நீர் ஆருடைய பிள்ளை, தம்பி?"

"அம்மா சுன்னாகம், அன்ரி. நான் கனடாவில பிறந்தனான். இது அவ பழக்கினது."

பெயர் ரமணன். எனக்கு அன்று பெருநாள். அறையில் எல்லாரும் பிலிப்பைன்ஸ் பிள்ளைகள். மாதக்கணக்காக நான் சுவரோடுதான் தமிழ் கதைத்தேன். ரொட்டியும் சம்பலும் கொடுத்தேன். மைக்கும் சாப்பிட்டான். உறைப்பில் அழுதான். இன்னும் கேட்டான். அவன் காலுறையைச் சொல்ல வேண்டும். ஒரு தேங்காய் போகும் அதற்குள். எனக்கு எழுத்துத் தெரியாது. அடையாளத்துக்கு அவரவர் உடுப்புப் பைகளில் நூல் கட்டுவேன். ரமணனுக்கு மஞ்சள். மைக்குக்குச் சிவப்பு.

இருவரும் ஆப்கானிஸ்தானுக்கு விமானம் ஏறினார்கள். பைகளைத் திரும்பி வந்து எடுப்பதாகச் சொன்னார்கள். வாசலையே பார்த்திருந்தேன்.

குளிர் தொடங்கியபோது ரமணன் வந்தான். தனியே. மஞ்சள் பையை எடுத்தான். சிவப்பைத் தொடவில்லை.

"றொக்கெற் வந்தது, அன்ரி. விழுந்து படுங்கோ எண்டு கத்தினன். தமிழில கத்திப்போட்டன். அவன் என்னவெண்டு திரும்பிப் பாத்தவன். நிண்டபடியே."

அவன் பக்கத்தில் போய் இருந்தேன்.

"ஊரில எங்கடை ஆக்களுக்கு விளங்கினது, தம்பி. எல்லாரும் படுத்தவை. அப்பிடியும் செத்துப்போட்டினம்."

அவன் என் மடியில் தலையை வைத்தான்.

இப்போது துபாயில், சத்வாவில் மகளோடு இருக்கிறேன். நான் சொல்ல, பேத்தி எழுதுகிறாள். ஊரில் போனது: மனிசன், மூத்த மகன், வீடு, இரண்டு பசு. இங்கே போனது: மைக்.

அவன் பையை ஓர் அதிகாரி கொண்டுபோனார். கொடுக்கும் முன் மடித்து எண்ணிப் பார்த்தேன். மூன்று சட்டை. இரண்டு காற்சட்டை. காலுறை ஒற்றை. மற்றதை உடுப்புத் தோய்க்கும் கொட்டகை முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை.