கால்வாயில் விட்ட கெண்டைகள்

எனக்கு மீன் பிடிக்காது. பொரித்தாலும் சரி, கண்ணாடித் தொட்டியில் நீந்தினாலும் சரி. ஆகையால் மீன் மேலுள்ள ஆசையில் இதைச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடுகிறது. மூன்றாம் மாடியில் இருக்கும் நிஷாந்தி, பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பிப்பவர். மலைநாட்டு ஹோட்டன் சமவெளிக்குப் போய் ஓடையில் திரவுட் மீனைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு, எங்கள் கால்வாயிலும் மீன் வளர்க்க வேண்டுமென்று அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை.

"திரவுட்டுக்கு என்ன வேணும், ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை? கல்லு, நிழல், ஓடுற தண்ணி. எங்கட கெண்டைக்கும் அதுதானே. நீங்களும் வாங்கோ."

நான் தொடர்மாடிச் சங்கத் தலைவர். மறுத்தால் நன்றாயிராது. ஆறு மாதம் கல் அடுக்கினோம், கரையில் நாணல் நட்டோம், நானூறு கெண்டைக் குஞ்சுகளை விட்டோம். ஞாயிறுதோறும் வலைபோட்டு எண்ணும் பொறுப்பு எனக்கு.

முதல் ஞாயிறு உயிரோடு இருந்தவை பதினொன்று.

நிஷாந்தி கரையில் கொப்பியோடு நின்றார். "எத்தனை அண்ணை?" அந்த முகத்தைப் பார்த்துப் பதினொன்று என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? "முந்நூறுக்கு மேல இருக்கும், பிள்ளை" என்றேன். மறுநாளே புறக்கோட்டை வளர்ப்பு மீன் கடையில் முந்நூறு வாங்கி வந்து விட்டேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. சொன்னதை உண்மையாக்கிவிட்டேன், அவ்வளவுதான்.

அவையும் செத்தன. திரும்ப வாங்கினேன். விடியற்காலையில் நடக்கப் போகிற சாக்கில், மிதந்தவற்றை அள்ளிச் செவ்வரத்தைகளுக்கு அடியில் புதைத்தேன். அந்த வருடம்போல் அவை ஒருநாளும் பூத்ததில்லை. எல்லாமாக இரண்டாயிரம் மீன் இருக்கும்.

மீன் செத்தது தெரிந்தால் தண்ணீரைச் சோதிப்பார்கள். சோதித்தால் குழாயைத் தேடுவார்கள். எங்கள் மலக்குழியை இறைக்கப் பவுசர் வண்டி வரும்போதெல்லாம் முன்னாலுள்ள ஒழுங்கை முழுதும் நாறும். எல்லோரும் என்னோடுதான் சண்டைக்கு வருவார்கள். அதனால் இரண்டு வருடத்துக்கு முன் குழியிலிருந்து கால்வாய்க்கு ஒரு குழாய் வைப்பித்தேன். பிறகு ஒரு முறைப்பாடும் இல்லை.

நிஷாந்தி தினமும் முழங்காலளவு தண்ணீரில் இறங்கிக் கல்லைச் சரிசெய்வார். "மீன் வாழுற தண்ணி, எங்களை என்ன செய்யப்போகுது அண்ணை?" என்று சிரிப்பார். வழுக்கும், கவனம் என்று கரையில் நின்று சொல்வேன். முதலில் காலில் புண் வந்தது. பிறகு காய்ச்சல். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் நினைவு தப்பித் தப்பிக் கிடந்தார். நான் ஒருநாள் விடாமல் தோடம்பழம் கொண்டுபோனேன். தெம்பு வரட்டுமென்று மீன் எண்ணிக்கையையும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன்.

எழுந்து நடக்கத் தொடங்கியதும், இன்னும் குஞ்சு வாங்க அவரே புறக்கோட்டைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் பாயிஸ், விலாசத்தைக் கேட்டதும் சிரித்தாராம்.

"ஸ்ரனிஸ்லாஸ் ஐயாட தொடர்மாடியா? அவர் கிழமைக்கு முந்நூறு கொண்டு போறாரே. பொரிச்சா திங்கிறார்?"

அன்று பின்னேரமே நிஷாந்தி கால்வாய்க் கரையோடு நடந்து, நாணலை விலக்கிக் குழாயைக் கண்டுபிடித்தார். என் கதவைத் தட்டினார்.

"குழாயும் நீங்கள்தானோ, அண்ணை?"

"ஓம்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் உங்களிடம் முறைப்பாட்டோடு வந்திருக்கிறார். வரட்டும், அது அவருடைய உரிமை. குழாய் வைத்தது, மீன் விட்டது, புதைத்தது, அந்தத் தண்ணீரில் அவர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றது, எல்லாம் நான்தான். எதையும் மறைக்கவில்லை. ஆனால் இப்போது படியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். இவ்வளவும் அந்தப் பிள்ளைக்காகவே செய்தவனுக்கு அது கொஞ்சம் நோகத்தான் செய்கிறது.