கண்டக்கடவு சாலையில் ஒற்றை விளக்கு

இரவு ஒன்றேகால் மணி. கண்டக்கடவிலிருந்து பள்ளுருத்திக்கு வருகிற சாலை. இரண்டு பக்கமும் செம்மீன், அதாவது இறால், வளர்க்கிற தண்ணீர். வீடு இல்லை, கடை இல்லை. தெருவிளக்கு நாலுக்கு ஒன்று எரியும்... அதுவும் மனசு வைத்தால்.

ரோஹன், உன் காருக்கு வெள்ளை எல்இடி முன்விளக்குப் போட வந்திருக்கிறாய். போட்டுத் தருகிறேன், யார் மாட்டேன் என்றது? ஆனால் முதலில் இதைக் கேள். மட்டாஞ்சேரி முழுக்கக் கரண்ட் போய் ஒரு மணி நேரமாகிறது. கடைக்குள் கொசு பிடுங்குகிறது. எல்லோரும் கிட்ட வந்து உட்காருங்கள். சிரிக்கிறவன் எழுந்து போய்ச் சாயா வாங்கி வரட்டும்.

என் கூட்டாளி தங்கதுரைக்கு ஒரு மச்சான், இசக்கிதுரை. தென்காசிப் பக்கத்துப் பையன், இங்கே டாக்ஸி ஓட்டினான். பழைய வண்டி. முன்விளக்குக் கண்ணாடி மங்கிப்போய், மழை பெய்தால் ரோடே தெரியாது. "செல்லதுரை அண்ணே, ராத்திரி ஓட்டவே பயமா இருக்கு. நல்ல லைட்டாப் போட்டு விடுங்க" என்று வந்து நின்றான். போட்டேன். இந்தக் கையால் நான்தான் போட்டேன்.

விளக்கை மாற்றினால் அப்படியே அனுப்பக் கூடாது. எதிரே இருக்கிறதே மிளகுக் கிடங்கு, அதன் சுவருக்கு நேராக வண்டியை நிறுத்தி, வெளிச்சம் சாக்பீஸ் கோட்டுக்குக் கீழே விழுகிற மாதிரி இறக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். அன்றைக்கு மழை கொட்டியது. அவனுக்குச் சவாரி காத்திருந்தது. "நாளைக்குக் கொண்டா, இறக்கித் தாரேன்" என்று சொல்லிவிட்டேன். பாவி, நான்தான் சொன்னேன்.

அன்று இரவு... கண்டக்கடவில் ஆளை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்புகிறான். மழை விட்டிருந்தது. எதிரே ஒரு ஸ்கூட்டர். ஒற்றை விளக்கு. இரண்டு தடவை அணைந்து எரிந்தது... டிம் பண்ணச் சொல்லி. இவன் உடனே டிம் அடித்தான். மறுபடியும் இரண்டு தடவை. 'டிம்லதானே இருக்கேன், இன்னும் என்ன செய்யணும்?' என்று இவனுக்கு எரிச்சல். நான் போட்ட விளக்கு டிம்மிலும் மேலேதான் அடிக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? தாண்டி வந்து கண்ணாடியில் பார்த்தான். பின்னால் சிவப்பு விளக்கு தெரியவில்லை. எங்காவது சந்தில் திரும்பியிருக்கும் என்று நினைத்தான்.

அங்கே சந்தே கிடையாது.

காலையில் சாயாக் கடையில்தான் தெரிந்தது. ஸ்கூட்டரோடு தண்ணீரில் விழுந்து ஒருவர் போய்விட்டார். வெங்கிடேஸ்வரன், கல்யாணச் சமையல் வேலைக்காரர், முப்பத்திரண்டு வயது. இசக்கிதுரை கடைக்கு வந்து ஒரு வார்த்தைதான் சொன்னான். "கழட்டிருங்கண்ணே." கழற்றினேன். பழைய மஞ்சள் விளக்கையே திரும்ப மாட்டினேன். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றாம் நாள் அதே சாலையில் வந்திருக்கிறான். அதே நேரம். எதிரே ஒற்றை விளக்கு... இரண்டு தடவை. டிம் அடித்தான். மறுபடியும் இரண்டு தடவை. விளக்கை மொத்தமாக அணைத்து ஓரம் கட்டினான். ஸ்கூட்டர் சத்தம் கிட்டே வந்தது... இன்னும் கிட்டே... அப்புறம் தண்ணீரில் 'தொபுக்' என்று ஒரு சத்தம். சேற்று நாற்றம். இறங்கி ஓடிப் பார்த்தால் தண்ணீரில் ஒரு அலைகூட இல்லை.

அதற்கப்புறம் தினமும் போனான். சவாரி இல்லாவிட்டாலும் போனான்.

"கிறுக்கா புடிச்சிருக்கு உனக்கு? ஏம்ல அங்க போற?" என்று சத்தம் போட்டேன்.

"நான் போகலேன்னா அவரு யார்கிட்டண்ணே கேப்பாரு?"



ஒரு மாதம் போனது. அவனால் தாங்க முடியவில்லை. ஒருநாள் பகலில் அந்த வீட்டைத் தேடிப் போய், அவர் மனைவி மாதுரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அடிப்பாள், போலீசைக் கூப்பிடுவாள் என்று நினைத்துத்தான் போனான். அவள் கடைசி வரை கேட்டாள். அப்புறம், "ராத்திரி என்னையும் கூட்டிண்டு போங்கோ" என்றாள்.

முன் இருக்கையில் அவள். பின் இருக்கையில் நாலு வயசுப் பெண் தன்யா, நல்ல தூக்கம். பின்கதவுக் கண்ணாடி இரண்டும் ஏற்றியிருந்தது.

ஒன்றேகால் ஆயிற்று. விளக்கு வந்தது. இவனுக்குத் தெரிகிறது... அவளுக்குத் தெரியவில்லை. இருட்டையே வெறித்துக்கொண்டிருந்தாள். "வந்துட்டாரா?" என்று கேட்டாள்.  இவன் கை தானாகப் போய் டிம் அடித்தது. அந்தக் கையை அவள் பார்த்துவிட்டாள்.

தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி வெளியே தலையை நீட்டினாள். கட்டியவளுக்கு ஆள் கண்ணில் படவில்லை, குரலாவது போய்ச் சேராதா என்கிற ஆசை.

"கேக்கறதா? தன்யாக்கு ஜொரம் மறுநாளே விட்டுடுத்து. மருந்துக்காக ஓடி வர வேண்டாம். மெல்ல வாங்கோ... பதுக்கெ, பதுக்கெ."

குழந்தைக்கு மருந்து வாங்கிக்கொண்டு போன மனுஷன் என்று இசக்கிதுரைக்கு அப்போதுதான் தெரியும். ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதுவிட்டான்.

நிமிர்ந்தபோது விளக்கு அணையவில்லை. தண்ணீரில் சத்தமும் இல்லை. ஊர்ந்து ஊர்ந்து வந்து, சேற்று நாற்றத்தோடு காரின் பக்கத்தில் நின்றது. ஸ்கூட்டர் இஞ்சின் ஓய்ந்தது... கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு சேற்று நாற்றமும் போய்விட்டது.

வீட்டு வாசலில் காரை நிறுத்தினான். குழந்தையைத் தூக்கப் பின்கதவைத் திறந்த மாதுரி அப்படியே நின்றுவிட்டாள். தன்யாவின் வாயோரம் பிசுபிசுவென்று ஏதோ வழிந்திருந்தது. விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். ஆரஞ்சு வாசனை... காய்ச்சல் மருந்து.

தன்யா கண்ணைத் திறக்கவே இல்லை. உதட்டை நக்கிக்கொண்டு சொன்னது:

"அம்மா... அப்பா கை ஒரே ஈரம்."