குடும்பத் தலைவர் சொன்ன பதில்

மேடையை நிறைத்திருக்கும் மாண்புமிகு அமைச்சர் அவர்களே, வாரிசு வேலைக் குழுவினரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குடும்பத்தாரே, மதியச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு வந்திருக்கும் அலுவலக நண்பர்களே!

போன வாரம் மேசையிலேயே தலை சாய்த்துவிட்ட நம் வேலைவாய்ப்புப் புள்ளியியல் இயக்குநர் அவர்களுக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கிறோம். அவருக்குத் துணை இயக்குநராகக் குப்பை கொட்டிய நான், இன்று காலை முதல் பொறுப்பு இயக்குநர். எல்லா மாநிலங்களிலும் வேலையின்மை குறைந்த மாநிலம் எது? நம் மாநிலம்! குறைத்தவர் யார்? ஆலை கட்டியவரா? கடை திறந்தவரா? இல்லை ஐயா, இல்லை! இதோ, படத்தில் சிரிக்கிறாரே, இவர்! உயிரோடு இருந்தபோது இவ்வளவு வாய் நிறையச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அலுவலகத்தில் அவருக்குக் 'கழித்தல் சார்' என்று பெயர். நூற்பாலை மூடிய அன்று, கணக்கெடுக்கப் போன பெண் பதறிப்போய்த் தொலைபேசியில் அழைத்தாள்.

"சார், கேட் முன்னாடி ஊரே நிக்குது. இவங்களை என்னன்னு எழுத?"

"நிக்கிறாங்களா, வேலை தேடுறாங்களா?"

"நிக்கிறாங்க சார். சில பேர் அழறாங்க."

"நிக்கிறது தேடுறது ஆகாதும்மா. அழறதும் ஆகாது. கணக்குலருந்து எடுத்துடு."

எடுத்தாள். வேலை தேடிக் கிடைக்காதவர்தான் வேலையில்லாதவர். தேடாதவர் கணக்கிலேயே வரமாட்டார். அதனால் ஆலை மூடிய பிறகு நம் மாநிலத்தில் வேலையின்மை குறைந்தது! கழித்தல் சார் அறை அறையாகப் போய் மிட்டாய் கொடுத்தார். பிழைப்புத் தேடிப் பேருந்து ஏறியவர்களைப் பற்றிக் கேட்டேன். "அவங்க பக்கத்து மாநிலத்துக்காரனோட தலைவலிப்பா" என்றார். பொறியியல் படித்துவிட்டு மச்சான் கடையில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தவன்? அவன் வேலையில் இருப்பவன்! அமைச்சர் அவர்கள் அந்த ஆண்டு விருது வாங்கியது எனக்கு நினைவிருக்கிறது. அவருக்கும் இருக்கும்.

ஊரை ஏமாற்றினாரே தவிர, ஆள் பார்த்து ஏமாற்றினாரா? ஒருபோதும் இல்லை! ஒருமுறை தெருக்களைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் அவர் தெருவே கணக்கெடுப்புக்கு வந்தது. மேற்பார்வைக்கு நான் போயிருந்தேன். கதவைத் திறந்தவள் அவருடைய மகள். நம் துறைக்கே வேண்டிய படிப்பு, புள்ளியியல் முதுகலை. படித்து முடித்த நாளிலிருந்து ஏறாத அலுவலகம் இல்லை. பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு நின்றாள். "போன வாரம் வேலை தேடினீங்களா?" என்று கேட்டாள் கணக்கெடுக்கும் நம் பெண். மகள் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அவ வீட்டு வேலை பாக்குறா. வேலை தேடல. எழுதிக்கோ."

"அப்பா, நான் போன வாரம்தானே..."

"குடும்பத் தலைவர் சொன்னா போதும்னு விதி இருக்கு. நீ உள்ள போம்மா."

அந்த விதியைப் போட்டவரும் அவர்தான். பெற்ற மகளைக்கூடக் கழித்த மனிதர்! எப்பேர்ப்பட்ட நேர்மை!

பணியில் இருக்கும்போதே இறந்தால் வாரிசுக்கு வேலை உண்டு. ஆனால் அந்த வாரிசு வேலை தேடிக்கொண்டிருந்தவராக இருக்க வேண்டும். செலவைக் குறைக்க இந்த நிபந்தனையைச் சேர்த்த புண்ணியவான் யாரென்று நான் சொல்லவும் வேண்டுமா? நேற்று அவர் மகள் குழுவின் முன்னால் போய் நின்றாள். நீங்கள் என்ன சொன்னீர்கள், குழுவினரே? "உங்கப்பாவே நீ வேலை தேடலன்னு சொல்லியிருக்காரே, நாங்க என்னம்மா பண்றது?" என்றீர்கள். வாசலில் நின்று அழுதாள். அழுவது தேடுவது ஆகாதல்லவா?

விதியை மதிப்பவன் நான். அதனால் அதே கேள்வியை இந்த அவையில் மறுபடி கேட்கிறேன். குடும்பத் தலைவர் இன்று குறுக்கே பேசமாட்டார். மகளே, நீ வேலை தேடினாயா?

சித்தப்பா எழுந்திருக்கிறாரே, என்ன சொல்கிறீர்கள்? "அவளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கோம் சார்" என்கிறார். அண்ணன் படத்தில் வைத்த பூ வாடவில்லை, அதற்குள் தம்பி குடும்பத் தலைவராகப் பதவி ஏற்றுவிட்டார்! உட்காருங்கள் ஐயா, கேள்வி உங்களுக்கில்லை.

சொல்லம்மா. கடைசி வரிசைக்கும் கேட்கச் சொல்லு.

"தேடினேன் சார். அப்பா செத்த சேதி வந்தப்பகூட ஒரு இன்டர்வியூ வாசல்லதான் உக்காந்திருந்தேன். இப்பவும் தேடுறேன்."

கேட்டதா, மேடைக்கு? தாயே, கண்ணைத் துடைத்துக்கொள். உட்காராதே, நில்.

அன்பர்களே, மறைந்தவர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறுவது வழக்கம். கூறுகிறேன்! இன்று முதல் எந்த வீட்டிலும் ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொல்லக்கூடாது. ஆலை வாசலில் நிற்பவனையும் அவன் வாயாலேயே சொல்லவிட்டு எழுத வேண்டும். உத்தரவில் மேடை ஏறும் முன்பே கையெழுத்திட்டுவிட்டேன். அமைச்சர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். மாலைக்குள் என்னைத் தூக்கிவிடலாம், தாராளமாக! நான் பொறுப்பேற்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கழித்தல் சார் கணக்கில் நான் வேலை பார்த்தவன்தான்.

கணக்கெடுக்கும் அம்மா, பேனாவை எடு. வேலையில்லாதவர் பட்டியலில் முதலில் இயக்குநரின் மகளை எழுது. குழுவினரே, இப்போது அவளுக்குப் பதில் சொல்லுங்கள். நின்றுகொண்டிருக்கிறாள்.