பெயர் கிடைக்காத முகவரி

எங்கள் அடுகோடி ஆபீஸ் கேன்டீனில் ரசம் நன்றாக இருக்கும். அதைக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அக்கவுண்ட்ஸ் குளோரியா என் மெயிலைத் தமிழாக்கி எல்லோருக்கும் படித்துக்காட்டினாள்.

“‘தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் தெரிவிப்பது என்னவென்றால், பாஸ்வேர்டை மாற்றவும்.’ அண்ணா, இது மெயிலா, ஹெட்மாஸ்டருக்கு லீவ் லெட்டரா?”

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

விசாரணையில் தாங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஆபீஸின் மெயில் வடிகட்டி என் பொறுப்பு. மெயில் அனுப்பிய சர்வரின் எண் முகவரிக்கு ஒரு பெயர் பதிவாகியிருக்கிறதா என்று அது தேடும். பெயர் கிடைக்காவிட்டால் குப்பை மெயில் என்று நிறுத்திவைக்கும். ஒழுங்கானவர்களும் சில சமயம் பெயரைப் பதிய மறந்துவிடுவதுண்டு. அப்படி நிற்பவற்றைப் பார்த்து உரியவருக்கு விடுவிப்பது என் வேலை.

குளோரியாவின் மகள் ஸ்னேஹாவுக்கு ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜை கொடுப்பவர்களைத் தேடித்தரும் மையம் ஒன்றில் பதிந்துவைத்திருந்தார்கள். எங்கள் தளத்துக்குள் செல்போன் கூடாது, வாசலில் லாக்கரில் வைத்துவிட வேண்டும். மையம் கூப்பிட்டால் எடுக்க முடியாதென்று ஆபீஸ் மெயிலைக் கொடுத்திருந்தாள்.

மெயில் வந்தது. மையம் புது சர்வருக்கு மாறியிருந்தது, அதற்குப் பெயர் பதியவில்லை. அதனால் நின்றுவிட்டது. திறந்து படித்தேன். பொருத்தமானவர் கிடைத்துவிட்டார், வெள்ளிக்கிழமைக்குள் பதில் இல்லையென்றால் அவரை வேறு நோயாளிக்கு ஒதுக்கிவிடுவோம் என்றிருந்தது.

அன்று மாலை குளோரியாவே என் இடத்துக்கு வந்தாள்.

“அண்ணா, பாப்பா விஷயமா ஒரு மெயில் வரணும். ஸ்பாம்ல மாட்டியிருக்கான்னு ஸ்வல்ப பாருங்கண்ணா.”

“பாத்துட்டேம்மா. ஒண்ணும் இல்ல.”

“அன்னிக்கு கிண்டல் பண்ணத மனசுல வெச்சுக்காதீங்க.”

“சே, அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு.”

அவள் போனபின் அந்த மெயிலை அழித்தேன். நினைவூட்டல் ஒன்று வந்தது. இந்த முகவரியில் யாரும் இல்லை என்று திருப்பி அனுப்பினேன். மையம் அடுத்த நோயாளியைப் பார்த்தது. ஸ்னேஹா டிசம்பரில் இறந்தாள். அடக்கத்துக்கு மர்பி டவுனுக்கு நானும் போயிருந்தேன். குளோரியா என் தோளில் சாய்ந்து அழுதாள். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

ஆக, செய்தது நான்தான். ஆனால் ஆரம்பம், அவர்கள் பதியாமல் விட்ட பெயர். அதை விளக்கி, திருத்தும் முறையோடு மையத்துக்கு மரியாதையாக எழுதினேன். நன்றி சொல்லிச் சரிசெய்துவிட்டார்கள். இனி அவர்கள் மெயில் எந்த ஊரிலும் தடையில்லாமல் போய்ச் சேரும். அதனால் பிழைக்கப்போகும் குழந்தைகளையும் தாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும்.