மூணாவது படத்தில் நிற்கிறவர்

...சரி, ரொம்ப நேரமா புத்தி சொல்லிக்கிட்டு இருக்கேன், பின்வரிசையில ரெண்டு பேர் கண்ணை மூடிட்டாங்க. ஒரு சின்னக் கதை சொல்றேன், கொஞ்சம் நிமிர்ந்து உக்காருங்க.

சிதம்பரத்துல சௌரிராஜன்னு ஒரு வாத்தியார். பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரி, மத்த நேரத்துல ஊர் சுத்துறது. போன ஊரைப் பத்தியெல்லாம் இன்டர்நெட்ல ஒரு வலைப்பூ வச்சு எழுதுவாரு. ஞாயித்துக்கிழமை ஆனா ஒரு ஊரு, பத்து போட்டோ. படிக்கிறவங்க ஐம்பது பேரு இருந்தா அதிகம். "அருமை சார்", "சூப்பர் சார்"னு எழுதுவாங்க. வாத்தியாருக்கு அதுலயே வயிறு நிறைஞ்சிடும்.

அதுல புதுசா ஒரு ஆள் வந்தாங்க. முகம் இல்ல, பேர் இல்ல. 'வாசகி'ன்னு மட்டும் இருக்கு. "அருமை"ன்னு ஒரு வார்த்தை கிடையாது. கேள்விதான்!

"சார், ரெண்டாவது படத்துல தூண் பக்கத்துல படுத்திருக்கிறது ஆணா, பொண்ணா?"

"சார், பஸ் ஸ்டாண்ட் படத்துல நீலக் கைலி கட்டினவர் முகம் தெரியற மாதிரி வேற படம் இருக்கா?"

"சார், இது எந்தத் தேதியில எடுத்தது?"

நீங்களே சொல்லுங்க... கோபுரத்தைப் படம் எடுத்துப் போட்டா, கோபுரத்தைப் பத்திக் கேக்காம கீழே படுத்திருக்கிறவனைப் பத்திக் கேட்டா உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்குச் சந்தேகம் வரும். நான் வாட்ச்மேன் சிரிச்சாலே ஏன் சிரிக்கிறான்னு யோசிக்கிற ஆளு. வாத்தியார் எனக்கு மேல!

வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டாரு. "ஏம்மா, இதைப் பாரேன். யாரா இருக்கும்?"

அந்தம்மா படிச்சாங்க. "தேதி எதுக்குங்க கேக்கணும்? நீங்க மெடிக்கல் லீவு போட்டுட்டு ஊர் சுத்துறது ஸ்கூல்ல யாருக்கோ தெரிஞ்சு போச்சு. ஆதாரம் சேக்குறாங்க!"

முடிஞ்சுது! ஆமாங்க, அதுதான் அவர் மடியில இருந்த கனம். காய்ச்சல்னு லீவு எழுதிக் கொடுத்துட்டுக் கொல்லிமலைக்குப் போவாரு. அன்னிலேர்ந்து ஸ்கூல்ல யாரைப் பாத்தாலும் சந்தேகம். ஹெட்மாஸ்டர் "உடம்பு தேவலையா?"ன்னு கேட்டா சந்தேகம். பியூன் டீ கொண்டுவந்து வச்சா, 'இவன் ஏன் இங்கயே நிக்கிறான்?'

அந்தச் சமயத்துல கொல்லிமலைக் கட்டுரை வெளியாகுது. பத்தே நிமிஷம்... வாசகி வந்துட்டாங்க. "சார், மூணாவது படம். அடிவாரத்து டீக்கடையில டம்ளரோட நிக்கிறாரே, தாடி வச்சவர். தயவுசெஞ்சு சொல்லுங்க, இது எப்ப எடுத்தது?"

எடுத்தது அஞ்சு நாளைக்கு முன்னாடி, செவ்வாக்கிழமை. காய்ச்சல்ல படுத்திருந்ததா லீவு லெட்டர்ல இருக்கிற அதே செவ்வாக்கிழமை! வாத்தியார் என்ன எழுதினாரு? "அது போன வருஷம் எடுத்த படம்." எழுதிட்டு, இனிமே யார் என்ன எழுதினாலும் தன் அனுமதி இல்லாம வெளிய தெரியாதபடி பூட்டுப் போட்டுட்டாரு. அப்பறம் அந்தப் பக்கமே எட்டிப் பாக்கல. நிம்மதி!

ரெண்டு மாசம் போச்சு. கோடை லீவுல உக்காந்து, அனுமதிக்காகக் காத்துக்கிட்டு இருந்த கடிதத்தையெல்லாம் திறந்தாரு. வாசகி ஒண்ணே ஒண்ணுதான் எழுதியிருந்தாங்க.

"நன்றி சார். போன வருஷம்னா அது எங்கண்ணன் இல்லை. அண்ணன் வீட்டை விட்டுப் போய் ஏழு மாசம்தான் ஆகுது. மனசு சரியில்லாதவர். அப்படியே அவர் மாதிரி இருந்தது, அதான் கேட்டேன். உங்களைத் தொந்தரவு பண்ணினதுக்கு மன்னிச்சிடுங்க. மரகதவல்லி, மணப்பாறை." கீழே ஒரு போன் நம்பர்.

வாத்தியார் உடனே போன் போட்டாரு. "அம்மா... நான் பொய் சொல்லிட்டேன்மா. அந்தப் படம் அப்பதான் எடுத்தது." சொன்ன கையோட இதையும் கேட்டாரு: "நீங்க முதல்லயே அண்ணனைத் தேடுறேன்னு சொல்லியிருக்கலாமேம்மா!"

"முன்னாடி மத்தவங்ககிட்டயெல்லாம் சொல்லித்தான் சார் கேட்டுக்கிட்டு இருந்தேன். அங்க பாத்தேன், இங்க பாத்தேன்னு நாலு பேர் ஏமாத்தி அலையவிட்டாங்க. அப்பறம் யாரையும் நம்பத் தோணல."

பாத்தீங்களா? இவருக்கு அவங்க மேல சந்தேகம். அவங்களுக்கு ஊர் மேல சந்தேகம். நடுவுல ஒரு மனுஷன் டம்ளரோட நிக்கிறான்!

மறுநாளே ரெண்டு பேரும் அடிவாரத்துக்குப் போனாங்க. கடைக்காரர் படத்தை வாங்கிப் பாத்தாரு. "அட, இவரா! இங்கதான் இருந்தாரு. டம்ளர் கழுவிக் கொடுப்பாரு, யார்கூடவும் பேசமாட்டாரு. போன பௌர்ணமிக்கு மறுநாள் பாத்தேன், ஆளைக் காணோம். எந்தப் பக்கம் போனாருன்னு தெரியலையேம்மா."

அந்தப் பொண்ணு வாத்தியாரைத் திட்டலைங்க. ஒரு வார்த்தை திட்டல. பெஞ்சுல உக்காந்து கடைக்காரரைக் கேட்டுச்சு...

"நல்லா சாப்பிட்டாரா அண்ணே?"



யாரையும் சந்தேகப்படாதீங்கன்னு சொல்ல நான் இங்க வரல. காலம் கெட்டுக் கிடக்கு, சந்தேகப்படுங்க, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்குங்க. ஆனா தாழ்ப்பாள் போடுறதுக்கு முன்னாடி, "எதுக்குங்க கேக்கறீங்க?"ன்னு ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அந்த வாத்தியார் அதைக் கேட்டிருந்தா, அன்னிக்குச் சாயங்காலமே மணப்பாறையிலேர்ந்து பஸ் ஏறியிருப்பா அந்தத் தங்கச்சி. அண்ணன் அங்கதானே நின்னுக்கிட்டு இருந்தாரு!