திரு. ஹார்லன் வேட் அவர்களின் மரண அறிவித்தல்

நல்லூர்க் கந்தன்மேல் ஆணை, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எழுதிக்கொள்ளுங்கள் ஒஃபிஸர், உங்கள் பேனை மக்கர் செய்தால் என்னுடையதைத் தருகிறேன்.

பதினெட்டு வருடம் இந்தக் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் வாசித்தவன் நான். என் குரலில் செத்தவர் ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

என் மனைவி யோகமலருக்கு ஹார்லன் வேட் என்ற பழைய ஹொலிவூட் நடிகர்மேல் பைத்தியம். பால்காரன் மகன். குதிரையிலிருந்து விழுவதற்கென்று கூலிக்கு வந்து, நாற்பத்தொரு படங்களில் கதாநாயகனாகி, மூன்று பெண்களைக் கட்டி, கடைசியில் சவர்க்கார விளம்பரத்தில் சிரித்தவர். யாழ்ப்பாணப் படக்கொட்டகையில் அவர் விழுந்தார் என்று நான் வந்து சொன்னால் இவள் வீட்டில் ஒரு கிழமை நொண்டுவாள். பொறுத்துக்கொண்டேன்.

போன வருடம், எங்கள் டோர்செட் பார்க் வீட்டில், அவளுக்கு மறதி முற்றியது. பிள்ளைகளை மறந்தாள், என்னை மறந்தாள். அவரை மட்டும் மறக்கவில்லை. ஐம்பத்திரண்டு வருடம் கூட இருந்த என்னிடம் காலையில் கேட்பாள்:

“அண்ணை, வேட் எங்கை? சாப்பிட்டவரோ?”

யாருக்கும் எரியும். ஒருநாள் வானொலிக் குரலை எடுத்தேன்.

“நெப்ராஸ்காவைப் பிறப்பிடமாகவும் ஹொலிவூட்டை வதிவிடமாகவும் கொண்ட திரு. ஹார்லன் வேட் அவர்கள் இன்று காலமானார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.”

அழுதாள். பிரேதம் எடுக்கும்வரை செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அவளும் தேத்தண்ணியைத் தவிர வாயில் ஒன்றும் வைக்கவில்லை.

பின்னேரம் கேட்டாள். “எடுத்தாச்சோ அண்ணை?”

“இல்லைத் தங்கச்சி. ஐயர் பிந்தித்தான் வருவாராம்.”

மறுநாள் எல்லாம் மறந்து எழும்பினாள். வேட் எங்கை என்றாள். மறுபடி வாசித்தேன். அதற்கு மறுநாளும்.

மகள் நிலாணி போனில் கேட்பாள்: “அப்பா, அம்மா சாப்பிட்டவவோ?”

“ஓம், ஓம். புட்டு ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கினவ.”

அந்தப் புட்டை நான்தான் சாப்பிட்டேன். சோற்றுப் பண்டத்தைக் குப்பையில் போடுவது பாவம்.

பத்தொன்பது நாள். இருபதாம் நாள் காலை வாசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு நடிகனுக்காகப் பட்டினி கிடந்து செத்தாள் என்று எழுதுங்கள். அறிவித்தலை வாசித்தவன் நான், அதை மறைக்கவில்லை.

உங்கள் படிவத்துக்காக இன்னுமொரு விபரம். யோகமலர் தன் வாழ்நாளில் ஆங்கிலப் படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. கலியாணமான கிழமை, அந்த நடிகரின் சாயல் எனக்கு இருக்கிறதென்று நானே பீற்றிக்கொண்டேன், அன்றிலிருந்து அவள் ‘வேட்’ என்று கூப்பிட்டது என்னைத்தான்.