வெள்ளைப் பூசணம்

நல்ல எரு நாறாது, ஐயா. நாறினால் அதைக் கிளறியவனுக்கு வேலை தெரியவில்லை என்று அர்த்தம். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியும், கியா பார்ம் காய்கறித் தோட்டங்களிலிருந்து லோரியில் வரும் அழுகல் முட்டைக்கோசும்தான் எங்கள் எஸ்டேட் எருக்கொட்டகைக்குச் சரக்கு. அதைத் தின்று மண்ணாக்குவது பூசணம். நான் தண்ணீர் தெளிப்பதும் புரட்டுவதும் அதற்குச் செய்யும் சேவகம்தான்.

குவியல் காய்ந்துவிட்டால் உள்ளே வெள்ளையாகப் பூக்கும். கிளறினால் திருநீறு மாதிரி பறக்கும். சிலருடைய நெஞ்சுக்கு அது ஆகவே ஆகாது. என் மகள் மோகனாவுக்கு ஆகாது என்பது, சின்ன வயதில் எனக்குச் சோறு கொண்டுவந்த அன்றே தெரிந்துவிட்டது. அதன்பிறகு கொட்டகைப் பக்கம் அவளை நான் விட்டதே இல்லை.

அவள் அம்மா ஈப்போவுக்குச் சாமான் வாங்கப் போனவள், போனவள்தான். லயத்து வீட்டில் நானும் மகளும் மட்டும். போன வருஷம் மோகனாவுக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்தது.

“மாசாமாசம் வந்துடுவேன் லா, அப்பா,” என்றாள்.

அவள் அம்மாவும் சாயங்காலம் வந்துவிடுவேன் என்றுதான் சொன்னாள். எனக்குப் பயமாக இருந்தது. காய்ந்த குவியலிலிருந்து ஒரு கை அள்ளி, மகளின் தலையணைப் பஞ்சுக்குள் வைத்துத் தைத்தேன்.

பெட்டி கட்டியவள் இருமிக்கொண்டு படுத்துவிட்டாள். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் தேறினாள். வீட்டுக்கு வந்ததும் மறுபடி இழுப்பு. வீட்டில் பூசணம் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இந்த மலையில் எந்த வீட்டில் இல்லை என்றேன். அவரும் தலையாட்டினார்.

கஞ்சி வைத்துக் கொடுத்தேன், முதுகு தேய்த்துவிட்டேன். “நீங்க பக்கத்துல இருந்தாதான்பா எனக்கு மூச்சே வருது,” என்பாள். இதை நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டும், ஐயா. அவளே சொன்னது.

ஆனாலும் போகும் நினைப்பு அவளை விடவில்லை. டாக்சி ஓட்டும் திருச்செல்வம் கடையில் என்னைப் பார்த்து, “நாளைக்குப் புள்ளய ஏத்திக்க வரேண்ணே,” என்றார். அதைப் பற்றி என்னிடம் அவள் மூச்சு விடவில்லை. வீட்டுக்கு வந்து, தலையணையில் பாதிப் பஞ்சை எடுத்துவிட்டு, கொட்டகையிலிருந்து அள்ளிவந்த அந்த வெள்ளைத் தூளை அடைத்தேன்.

காலையில் டாக்சி வந்து ஹோர்ன் அடித்தபோது அவள் என் கையைப் பிடித்திருந்தாள். பேச்சு வரவில்லை. சன்னலைக் காட்டினாள். பனிக்காற்று ஆகாது என்று நான் திறக்கவில்லை. பிறகு பிடி தளர்ந்தது.

வெளியே போய், மோகனா இனி எங்கும் போகமாட்டாள் என்று திருச்செல்வத்திடம் சொன்னேன். சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது, ஐயா. அவளுக்கும் இருந்திருக்கும்.